யாரைக் கேட்டு வெட்டினாய்?

நியூசிலாந்துக் காட்டில் பாம்பு கிடையாது. புலி, சிறுத்தை, கரடி, ஓநாய் எதுவும் கிடையாது. மனிதர் வந்து இறங்கும்வரை அந்தக் காடுகளில் பாலூட்டி என்று இருந்தது வௌவால் மட்டும்தான். கடித்தால் உடம்புக்கு ஆகாத சிலந்தி ஒன்று உண்டு, பெயர் கடிப்போ; அதுவும் கடற்கரை மணல்மேடுகளில் வாழ்வது. தமிழ்நாட்டுக் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு, புதருக்குள் கால் வைக்குமுன் தரையைப் பார்க்கும் பழக்கம் உடம்போடு ஊறியிருக்கும். ஆக்லாந்துக்கு மேற்கே வைட்டாக்கரே மலைக்காட்டில் அந்தப் பழக்கத்துக்கு வேலையே இல்லை. இருந்தும் என் கண் இன்னும் தரையைத்தான் பார்க்கிறது.

இவ்வளவு சாதுவான காட்டில் பேயும் பூதமும் இருக்கக் கூடாது. ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்பது நம் பழமொழி. கற்பனை உயிர்கள் எப்படிப் பிறந்தன என்று கேட்டால் படித்தவர்களும் பெரும்பாலும் இதையேதான் வேறு சொற்களில் சொல்வார்கள்: இருட்டு, மிருக பயம், மூளை செய்யும் கோளாறு. அப்படியானால் அரள்வதற்கே ஒன்றுமில்லாத இடத்தில் அவை எங்கிருந்து வந்தன? நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் வாய்மொழி மரபில் இந்த மலைக்காடு முழுக்கக் குடிகள். பனிமூட்டத்தில் நடமாடுகிறவர்கள், மரத்துக்கு மரம் காவல் இருக்கிறவர்கள், ஓடை மடுவில் படுத்திருக்கிறவர்கள். தென் தீவில் ஒரு காலத்தில் பதினைந்து கிலோ எடைவரை வளர்ந்த ஹாஸ்ட் கழுகு இருந்தது. அதை நினைத்து அஞ்சியிருக்கலாம். ஆக்லாந்து இருக்கும் வட தீவில் அதுவும் இல்லை. நம் பழமொழி இங்கே பாதி வழியில் நின்றுவிடுகிறது. மீதி வழியை நடந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

பழமொழிக்கு அச்சாகப் பொருந்தும் காடு ஒன்று இருக்கிறது. அது அமெரிக்காவின் வடக்கே, மிச்சிகன், விஸ்கான்சின், மின்னசோட்டா மாநிலங்களில் இருந்த வெள்ளைப் பைன் காடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் அங்கே மரம் வெட்டப் போனவர்கள், குளிர்காலம் முழுவதும் கொட்டகைகளில் அடைந்து கிடந்தார்கள். இரவில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து அவர்கள் சொன்ன கதைகளில் ஒரு முழு விலங்குக் கூட்டமே பிறந்தது. மின்னசோட்டாவின் முதல் மாநில வன அதிகாரியாக இருந்த வில்லியம் டி. காக்ஸ், 1910 இல் அவற்றில் பலவற்றைப் படங்களோடு நூலாக்கினார். பின்னாளில் அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் தம்முடைய கற்பனை உயிர்களின் தொகுப்பிலும் அவற்றில் சிலவற்றுக்கு இடம் கொடுத்தார்.

‘ஹைடுபிஹைண்டு’ என்று ஒன்று. எப்போதும் உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கும். நீங்கள் திரும்பினால் அதற்குள் மறுபடி பின்னால் போய்விடும். அதனால் அதைப் பார்த்தவர் யாருமில்லை. காட்டுக்குள் போனவன் திரும்பி வராவிட்டால் அதன் கணக்கில் எழுதிவிடுவார்கள். ‘ஸ்ப்ளின்டர் கேட்’ என்று ஒரு பூனை. மரப்பொந்துகளில் இருக்கும் தேனுக்காகவும் ரக்கூனுக்காகவும் தலையால் முட்டி மரத்தைச் சிதறடிக்கும். காற்றிலும் இடியிலும் பிளந்து நின்ற மரங்களுக்கு அதுதான் காரணம். பென்சில்வேனியாவின் ஹெம்லாக் மரக் காட்டில் ‘ஸ்குவாங்க்’. தன் தோலின் அழகின்மையை எண்ணி அழுதுகொண்டே இருக்கும். ஒருவன் அதைப் பிடித்துச் சாக்கில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தானாம். வழியில் சாக்கு திடீரென்று லேசாகிவிட்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே கண்ணீரும் நுரையும்தான். விஸ்கான்சினின் ரைன்லாண்டர் ஊரில் யூஜின் ஷெப்பர்டு என்பவர் 1893 இல் ‘ஹோடாக்’ என்னும் கொம்பு முளைத்த மிருகத்தைக் கண்டதாகக் கிளப்பிவிட்டார். 1896 இல் அதை உயிரோடு பிடித்துவிட்டதாகச் சொல்லி, சந்தையில் இருட்டுக் கூடாரத்துக்குள் காட்டிக் காசும் வாங்கினார். மரத்தாலும் மாட்டுத்தோலாலும் செய்த பொம்மை அது. இன்றும் அந்த ஊரின் அடையாளச் சின்னம் ஹோடாக்தான்.

இந்தக் கதைகள் எனக்கு மிகவும் பிடிக்கும். குளிரிலும் விபத்திலும் உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர்கள் தங்கள் பயத்தைச் சிரிப்பாக்கிக்கொண்டார்கள். புதிதாக வந்த பையனை மிரட்டி, பிறகு அவனையும் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ள இந்தக் கதைகள் உதவின. அது சாதாரணக் காரியமில்லை. ஆனால் திரும்பத் திரும்பப் படித்தபோது ஒன்று உறுத்தியது. இந்த விலங்குகளில் எதுவும் மரம் வெட்டுகிறவனைப் பார்த்து மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. பதுங்கும், பாயும், அழும். ஸ்குவாங்க் அழுவதும் தன் தோலுக்காகத்தான். விழுகிற ஹெம்லாக்குக்காக அல்ல. சில பத்தாண்டுகளில் அந்தப் பைன் காடு ஏறக்குறைய முழுதும் தீர்ந்துபோயிற்று. விலங்குகள் புத்தகத்துக்குள் போய்விட்டன.

இனி ஆக்லாந்து.

வைட்டாக்கரே மலைக்காட்டுக்கு மாவோரி மொழியில் இன்னொரு பெயர் உண்டு: ‘தே வாவோ நூயி ஆ திரிவா’. திரிவாவின் பெருங்காடு. அந்தத் திரிவா மனிதன் அல்ல; தூரெஹு எனப்படும் ஆதிக் குடிகளின் தலைவன். மேற்குக் கடற்கரையில் இருந்த ரங்கிடோட்டோவை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கிழக்கே, இன்றைய துறைமுக வாயிலில் வைத்தவன் அவன் என்று அங்கே வாழ்ந்துவரும் தே கவெராவு ஆ மாக்கி மக்கள் சொல்கிறார்கள். ஆக்லாந்தில் எந்த மேட்டில் நின்றாலும் கண்ணில் படும் அந்தத் தீவு, ஐம்பதுக்கும் மேற்பட்ட எரிமலைகள் கொண்ட இந்த நிலத்தில் கடைசியாகப் பிறந்தது. சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் கடலைப் பிளந்துகொண்டு எழுந்தது. பக்கத்துத் தீவான மோட்டுடாப்புவில், அந்தச் சாம்பல் படிவில் மனிதக் காலடிகளும் நாய்க் காலடிகளும் பதிந்து கிடைத்திருக்கின்றன. நேற்றுவரை வெறும் கடலாக இருந்த இடத்தில் ஒரு மலை நிற்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். யாரோ ஒருவன் தூக்கிவந்து வைத்தான் என்பது, பார்த்ததைவிடச் சற்றுச் சிறிய செய்திதான்.

காட்டுக்குள் இருப்பவர்கள் பட்டுபையாரெஹே. வெளிறிய தோல், செந்நிறத் தலைமுடி. மலை முகட்டில் பனி இறங்கும்போது நடமாடுவார்கள். சமைத்த உணவு ஆகாது. நெருப்பும் சமையல் ஆவியும் செம்மண் பூச்சும் கண்டால் விலகிப் போவார்கள். குழல் வாசிப்பதில் வல்லவர்கள். அவர்களுக்கும் தலைவர்கள் உண்டு, காதல் உண்டு, பக்கத்து மலைக்காரர்களோடு பகை உண்டு. ஒரு கூட்டம் வைட்டமாட்டா துறைமுகத்தைக் கடக்க இரவோடு இரவாகக் கல் அடுக்கிப் பாதை போட்டது. வேலை முடிவதற்குள் பொழுது விடிந்துவிட்டது. வெயில் பட்டு மாண்டார்கள். பாதி போட்ட அந்தப் பாதை தே டோகாரோவா என்ற பெயரில் இன்றும் இருக்கிறது; தண்ணீர் வற்றும்போது துறைமுகத்துக்குள் நீளமாக ஓடும் கருங்கல் திட்டு தெரியும். தே டாட்டுவா ஆ ரியுகியுட்டா எரிமலையிலிருந்து பல கிலோமீட்டர் ஓடிவந்து கடலில் உறைந்த தீக்குழம்பு அது என்று நிலவியலாளர்கள் சொல்வார்கள். அதுவும் சரி.

ஹைடுபிஹைண்டையும் பட்டுபையாரெஹேயையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். முதலாவது மிருகம். இரண்டாவது அண்டை வீட்டுக்காரர். அவருக்கு வீடு இருக்கிறது, உணவுப் பழக்கம் இருக்கிறது, பிடிக்காதது இருக்கிறது. அவர் பகுதிக்குள் போகும்போது நாம் நடந்துகொள்ள ஒரு முறை இருக்கிறது. ஒன்றை விரட்டவோ, அதனிடமிருந்து தப்பவோ செய்யலாம். மற்றவரிடம் அனுமதி கேட்க வேண்டும்.

இதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது ராட்டாவின் கதை. பாலினீசியத் தீவுகள் பலவற்றில் இதன் வடிவங்கள் உண்டு. நியூசிலாந்தில் இது சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. தந்தையைக் கொன்றவர்களைத் தேடிக் கடல் கடந்து போக ராட்டாவுக்கு ஓடம் வேண்டும். காட்டுக்குள் போய் நல்ல மரமாகப் பார்த்து வெட்டிச் சாய்த்துவிட்டு வீடு திரும்புகிறான். மறுநாள் வந்து பார்த்தால் மரம் நிற்கிறது. கோடரி பட்ட தழும்புகூட இல்லை. மறுபடி வெட்டுகிறான். மறுபடி நிற்கிறது. அடுத்த முறை வெட்டிப் போட்டுவிட்டு, போவதுபோலப் போக்குக் காட்டி மறைந்திருந்து பார்க்கிறான். காட்டின் காவலர்களான ஹகுடூரிகள் வருகிறார்கள்: பறவைகள், பூச்சிகள், கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர்கள். சிதறிக் கிடந்த ஒவ்வொரு சிராயையும் பொறுக்கியெடுத்துப் பாடிக்கொண்டே பொருத்துகிறார்கள். மரம் எழுந்து நிற்கிறது. ராட்டா பாய்ந்து வெளியே வந்து, என் மரத்தை என்ன செய்கிறீர்கள் என்று கத்துகிறான்.

உன் மரமா? யாரைக் கேட்டு வெட்டினாய்? இது தானேயின் பிள்ளை அல்லவா?

தானே என்பவன் வானத்தையும் பூமியையும் பிரித்து நிறுத்திய தெய்வம், காடுகள் அவனுடையவை. ராட்டா தலைகுனிகிறான். அதற்குப் பிறகு நடப்பதுதான் என்னை நிறுத்தியது. காவலர்கள் அவனைத் தண்டிக்கவில்லை. மரத்தைத் தரமாட்டோம் என்றும் சொல்லவில்லை. நீ போ, ஓடத்தை நாங்கள் செய்து தருகிறோம் என்கிறார்கள். செய்தும் தருகிறார்கள்.

இப்படி அனுமதி கேட்கும் முறையை நாம் வேறெங்கும் போய்த் தேட வேண்டியதில்லை. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில், சிலை செய்ய மரம் எடுக்கக் காட்டுக்குப் போவது பற்றியே தனி அத்தியாயம் உண்டு. முதல் நாள் இரவு மரத்துக்குப் பூசை செய்து, இதில் குடியிருக்கும் உயிர்கள் வேறிடம் போய்த் தங்க வேண்டும், எங்களைப் பொறுத்தருள வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, விடிந்த பிறகு வெட்ட வேண்டும். கோடரி முனையில் தேனும் நெய்யும் தடவியிருக்க வேண்டும். சங்க காலத்து அரசர்கள் கடிமரம் வளர்த்தார்கள். பகைவன் அதைத் தொட்டால் அது நாட்டைத் தொட்டதற்குச் சமம். புளியமரத்தில் முனி இருக்கிறது, உச்சி வேளையில் அந்தப் பக்கம் போகாதே என்று சொல்லி வளர்த்த பாட்டிகள் நம் எல்லோர் வீட்டிலும் இருந்தார்கள். புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டில், மஞ்சனீசுவரர் அய்யனார் கோயிலைச் சுற்றி, கடலோரத் தமிழகத்தின் பழைய பசுங்காட்டில் எஞ்சிய துண்டு ஒன்று நிற்கிறது. வேலி போட்டுக் காத்ததைவிட அய்யனார் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம் காத்ததே அதிகம்.

இந்தக் கதைகளையும் சடங்குகளையும் சேர்த்து யோசிக்கும்போது, இவற்றில் ஒரே ஒரு பொருள் திரும்பத் திரும்ப வருவதைக் காண்கிறேன். ஓர் இரவு. ராட்டாவின் மரம் இரவில் எழுகிறது. வராகமிகிரரின் தச்சன் இரவில் வேண்டிக்கொண்டு காலையில் வெட்டுகிறான். எந்த ஆவியும் மனிதனை முற்றாகத் தடுத்துவிடுவதில்லை. மனிதனுக்கு ஓடமும் வீடும் சிலையும் வேண்டும் என்பதை அவை ஒப்புக்கொள்கின்றன. கோடரிக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு ராத்திரித் தவணையை மட்டும் வைக்கின்றன. அந்தத் தவணைக்குள் பறவை கூட்டை மாற்றலாம். வெட்டுகிறவன், இது வேண்டுமா, இவ்வளவு வேண்டுமா என்று ஒருமுறை யோசிக்கலாம். கண்ணுக்குத் தெரியாத குடிகளைக் காட்டுக்குள் குடிவைத்தவர்கள் பயந்தாங்கொள்ளிகள் அல்ல. தாங்கள் கை வைக்கும் இடம் ஏற்கெனவே வேறொருவரின் வீடு என்று தெரிந்தவர்கள். அந்த வீட்டுக்காரருக்குக் கேள்வி கேட்க வாய் இல்லை என்பதால், வாயுள்ள ஒருவரை அங்கே உட்கார வைத்தார்கள்.

பழமொழியின் மீதி வழி இதுதான் என்று நான் நம்புகிறேன்.

ஆனால் கதை தன்னை நம்புகிறவனை மட்டும்தான் நிறுத்தும். கௌரி மரத்தின் வரலாற்றைப் பார்த்தால் இது தெரியும். வட தீவின் வடபகுதியில் மட்டும் வளரும் அந்த மரம், உயரத்தைவிடச் சுற்றளவால் மலைக்க வைப்பது. கிளையே இல்லாமல் தூண்போல எழும் அடிமரம், சாம்பல் நிறம், உரிந்து விழும் மெல்லிய பட்டை, கசியும் பிசின். திமிங்கலம் கரையேறி வந்து கௌரியைக் கடலுக்கு அழைத்ததாகவும், மரம் மறுக்கவே இருவரும் தோலை மாற்றிக்கொண்டதாகவும் மாவோரிக் கதை ஒன்று சொல்லும். வைப்போவா காட்டில் இன்று நிற்கும் ‘தானே மஹுடா’வின் சுற்றளவு ஏறக்குறைய 14 மீட்டர். 1880களில் தீயில் அழிந்த ‘கைராரு’ என்ற மரத்தின் சுற்றளவு 20 மீட்டர். அமெரிக்க மரவெட்டிகள் அடுப்படியில் உட்கார்ந்து பெருக்கிச் சொன்ன அளவுகளை, இங்கே நில அளவைக்காரர்கள் நாடா பிடித்து எழுதியிருக்கிறார்கள்.

இந்த மரத்துக்காகத்தான் 1820 இல் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் ஒன்று பாய்மரத் தண்டுகள் ஏற்ற வந்தது. அதன் பெயர் கோரமண்டல். நம் சோழமண்டலக் கரையின் பெயரைத் தாங்கிய அந்தக் கப்பலால், ஆக்லாந்துக்கு எதிரே வளைகுடாவின் அக்கரையில் உள்ள தீபகற்பமும் கோரமண்டல் ஆயிற்று. அதன் வடகோடி மலை மோஎஹாவு, பட்டுபையாரெஹேக்களின் பேர்பெற்ற இருப்பிடம். இன்னொரு செய்தியும் உண்டு. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற கிறித்தவ ஊழியர், வங்காரே பக்கத்தில் மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கப் பயன்படுத்திய வெண்கலப் பாத்திரம் ஒன்றைப் பார்த்தார். அது ஒரு மணியின் மேல்பகுதி. சுற்றிலும் தமிழ் எழுத்து: முகைதீன் பக்சு என்பவரின் கப்பல் மணி. பெருங்காற்றில் ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்தபோது, அடியிலிருந்து கிடைத்தது என்று அவரிடம் சொன்னார்களாம். இன்று அது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த நாட்டில் நம் மொழியின் மிகப் பழைய எழுத்தைக் காலமெல்லாம் மூடிக் காத்திருந்தது ஒரு மரத்தின் வேர்.

1888 இல் மெல்போர்னைத் தலைமையிடமாகக் கொண்டு கௌரி மரக் கம்பெனி உருவானது. வைட்டாக்கரே மலையில் ஓடைகளுக்குக் குறுக்கே மரத்தாலேயே அணை கட்டுவார்கள். வெட்டிய அடிமரங்களை ஓடைப் படுகையில் உருட்டிவிடுவார்கள். மழைநீர் நிரம்பியதும் மதகை ஒரே இழுப்பில் திறந்துவிட, வெள்ளம் அத்தனை மரங்களையும் அடித்துக்கொண்டு கடற்கரை வரை போகும். கரைகளும் படுகையும் உடைந்து போகும். மரங்களில் ஒரு பங்கு வழியிலேயே நொறுங்கும். அந்த வேலையைச் செய்தவர்களின் துணிவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆக்லாந்தின் பழைய வீடுகளில் பல அந்தப் பலகையால் எழுந்தவை. ஆனால் மதகு திறந்த அந்த நொடியில் தவணைக்கு இடமில்லை. மனிதர் வருமுன் சுமார் 12 லட்சம் ஹெக்டேரில் இருந்த கௌரிக் காட்டில், இன்று முதிர்ந்த காடாக எஞ்சியிருப்பது ஒரு சதவீதத்துக்கும் கீழே.

மாவோரிகளும் காட்டை எரித்திருக்கிறார்கள். மோவா என்ற பெரும் பறவை அவர்கள் வந்து சில தலைமுறைகளுக்குள் அற்றுப்போனது. அந்த இழப்பைப் பார்த்தவர்கள்தான் ராட்டாவின் கதையை இவ்வளவு அழுத்தமாகப் பிள்ளைகளுக்குச் சொன்னார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

எஞ்சிய மரங்களுக்கு இப்போது வேறொரு சோதனை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று உண்மையாகவே காட்டுக்குள் வந்துவிட்டது. ‘ஃபைட்டோஃப்தோரா அகாத்திடிசிடா’ என்று 2015 இல் பெயர் சூட்டப்பட்ட நுண்ணுயிர் அது. மண்ணில் இருந்து கௌரியின் வேரைத் தின்னும்; மரம் நீரேற்ற முடியாமல் நின்றபடியே காயும். முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஒரு சிட்டிகை ஈர மண் போதும், செருப்படியில் ஒட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விடும். வைட்டாக்கரேயில் நோய்க்குறி தென்பட்ட கௌரிகளின் பங்கு ஐந்து ஆண்டுகளில் 8 சதவீதத்திலிருந்து 19 சதவீதமாக ஏறிவிட்டது என்று 2017 இல் மாநகராட்சியின் அறிக்கை சொன்னது. நடைபாதைகளை ஒட்டியே அது மிகுந்திருந்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் தே கவெராவு ஆ மாக்கி மக்கள், திரிவாவின் பெருங்காட்டின் மீது ராஹுயி வைத்தார்கள். காடு மூச்சு வாங்கட்டும், யாரும் உள்ளே போகாதீர்கள் என்ற மரபுத் தடை அது. சட்டத்தில் அதற்குத் தண்டனை கிடையாது. பலர் மதித்தார்கள், பலர் வழக்கம்போல நடக்கப் போனார்கள். 2018 மே மாதம் மாநகராட்சியே காட்டுப்பகுதியைச் சட்டப்படி மூடியது. பிறகு வேர் மீது கால் படாதபடி மரப்பலகைப் பாதைகள் போட்டு, சில தடங்களைத் திறந்தார்கள். இப்போது நுழைவாயிலில் தூரிகையும் கிருமிநாசினியும் வைத்திருக்கிறார்கள். குனிந்து செருப்படியைத் தேய்த்துக் கழுவிய பிறகே உள்ளே போக வேண்டும். அண்டை வீட்டுக்காரர் வீட்டு வாசலில் செய்வதைத்தான் செய்கிறோம். ஆய்வுக்கூடம் சொன்னதும் ராஹுயி சொன்னதும் ஒன்றே. மாநகராட்சியின் தடைக்கு முன்பே ராஹுயி சொன்னது.

நகரத்துக்குள்ளும் இதே கதை நடந்தது. ஆக்லாந்தின் முதன்மைக் கடைவீதியான குவீன் தெருவுக்கு அடியில் வைஹொரொடியு என்ற ஓடை இருக்கிறது. வெள்ளையர் குடியேறிய புதிதில் அது சாக்கடையாகி, பிறகு மூடப்பட்டது. ஓடையின் தனிஃபா, அதாவது நீர்க்காவல் பூதம், ஹொரொடியு. 2011 இல் நகரின் அடியில் ரயில் சுரங்கம் தோண்டப் பேச்சு எழுந்தபோது, அந்தத் தனிஃபாவை யாரும் கணக்கில் எடுக்கவில்லையே என்று மாவோரிப் பிரதிநிதி ஒருவர் கேட்டார். நாடு முழுக்கக் கேலி செய்தது. கேலி செய்தவர்களில் எத்தனை பேருக்குக் காலடியில் ஓடை ஓடுவது தெரியும்? ஓடைக்கு வரைபடத்தில் இடமில்லாமல் போன பிறகும், அது அங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த கடைசி ஆள் அந்தப் பூதம்தான். 2023 ஜனவரி 27 அன்று கொட்டிய மழையில் தண்ணீர் நகரெங்கும் தன் பழைய தாழ்விடங்களைத் தேடிப் போய் நின்றது. அந்த வெள்ளத்தில் நான்கு பேர் இறந்தார்கள். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மதுராந்தகத்தில் ஏரிக்கரையை ராமரும் லட்சுமணரும் வில்லோடு நின்று காத்ததைக் கலெக்டர் லயனல் பிளேஸ் கண்ணால் கண்டார் என்று ஊர் சொல்கிறது; கோயிலுக்கே ஏரி காத்த ராமர் என்று பெயர். ஏரிக்கு ஒரு காவலர் இருந்தவரை அது ஏரியாகவே இருந்தது. நாம் தூர்த்து மனை போட்ட ஏரிகளுக்குக் காவலர் பெயர் ஒன்றும் நினைவில் இல்லை. சுரங்க ரயில் நிலையத்துக்கு இப்போது ‘தே வைஹொரொடியு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்காவது கேள்வி பலித்தது.

சட்டமும் மெல்ல இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. நியூசிலாந்து 2014 இல் தே உரெவெரா காட்டுக்கும், 2017 இல் வாங்கனுயி ஆற்றுக்கும் சட்டப்படி ஆள் என்ற தகுதி கொடுத்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இயற்கை அன்னையை உரிமைகள் உள்ள உயிராக அறிவித்தது. கண்ணுக்குத் தெரியாத ஒருவரைக் காட்டுக்குள் உட்கார வைத்த வேலையை, இன்று நீதிமன்றங்களும் நாடாளுமன்றங்களும் வேறு சொற்களில் செய்கின்றன. இதைப் பார்த்து நான் மகிழ்கிறேன். ஆனால் ஆவிகளுக்கு இருந்த ஓர் ஆற்றல் சட்டத்துக்கு இல்லை. அவை ஒவ்வொரு மரத்தடியிலும் இருந்தன. நீதிமன்றம் அவ்வளவு பக்கத்தில் இருப்பதில்லை.

ராட்டாவின் கதையைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் இதே ஆக்லாந்தில், 2009 இல் செய்த சட்டத் திருத்தத்தின் பயனாக, 2012 முதல் நகர்ப்புறத் தனியார் மனைகளில் உள்ள பெரும்பாலான மரங்களை யாரிடமும் கேட்காமல் வெட்டலாம். சிறப்பு மரங்களின் பட்டியலில் பெயர் இருப்பது போன்ற சில நிலைகளில்தான் அனுமதி தேவை. தமிழ்நாட்டில் சாலை அகலமாகும்போது புளியமரங்கள் விழும் வேகம் உங்களுக்கே தெரியும். எல்லா மரத்தையும் காப்பாற்ற முடியாது. ஹகுடூரிகளும் அப்படிக் கேட்டதில்லை. உங்கள் தெருவுக்கு ரம்பம் வரும் நாளில் வாசலுக்கு வந்து நில்லுங்கள். யாரைக் கேட்டு வெட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். ஒரு ராத்திரி தவணை கேளுங்கள். மேலே கூட்டில் குஞ்சு இருக்கிறதா என்று ஏறிப் பார்த்துச் சொல்ல, அதற்குள் ஒருவரையாவது அனுப்புங்கள்.